கிராம் கணக்கும் ரூபாய்க் கணக்கும்: விளையாட்டு வீரர்களின் துணை உணவுச் செலவு

1984, லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக். பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்ட இறுதிச் சுற்றில் மூன்றாவதாக வந்தவரின் நேரம் 55.41 வினாடி. நான்காவதாக வந்த பி.டி. உஷாவின் நேரம் 55.42. வெண்கலத்துக்கும் வெறுங்கைக்கும் நடுவே இருந்தது வினாடியில் நூறில் ஒரு பங்கு. சதவீதமாக்கினால் 0.02கூட இல்லை. அதே ஓட்டத்தில் 1 சதவீதம் என்பது அரை வினாடிக்கும் மேல்.

புரோட்டீன் டப்பாவையும் கிரியேட்டின் டப்பாவையும் ஒரு விளையாட்டு வீரர் ஏன் தேடிப் போகிறார் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் ஆசைக்குக் கொடுக்கும் பணம் எவ்வளவு, அது திருப்பித் தருவது எவ்வளவு, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் ஆபத்து எவ்வளவு என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். மாதச் சம்பளம் 15,000, 20,000 ரூபாய் வாங்கும் வீட்டிலிருந்து மைதானத்துக்கு வரும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு மிகவும் தேவை. இந்தக் கட்டுரை அந்த வரவு செலவுப் புத்தகம்.

முன்னதாக ஒரு விளக்கம். கீழே வரும் சத்து அளவுகள் உணவுப் பட்டியல்களில் உள்ளவை, எளிமைக்காக முழு எண்ணுக்கு ஒட்டிச் சொல்லப்பட்டவை. விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்ட தோராயச் சில்லறை விலைகள். உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். சில பைசாக்கள் மாறலாம், வரிசை பெரிதாக மாறாது.

தேவை எத்தனை கிராம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவுப்படி, சாதாரண மனிதருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். கடுமையாகப் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரருக்கு இது 1.2 முதல் 2.0 கிராம் வரை என்கின்றன விளையாட்டு மருத்துவ அமைப்புகள்.

60 கிலோ எடையுள்ள ஒரு கல்லூரி மாணவரை எடுத்துக்கொள்வோம். கபடியோ தடகளமோ ஆடுகிறவர்.

– சாதாரணத் தேவை: 0.83 × 60 = சுமார் 50 கிராம்
– பயிற்சிக் காலத் தேவை: 72 முதல் 120 கிராம்
– நடு அளவு, கிலோவுக்கு 1.6 கிராம்: 96 கிராம்

இந்த 1.6 கையில் கிடைத்த எண்ணாக எடுத்ததல்ல. 2018-இல் மார்ட்டன் என்பவரின் தலைமையில் ஒரு குழு 49 ஆய்வுகளை, 1,863 பேரின் தரவுகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராமைத் தாண்டிப் புரதம் சேர்ப்பதால் தசை மேலும் கூடவில்லை என்பது அதன் முடிவு. எனவே நம் மாணவரின் இலக்கு 96 கிராம். 200 கிராமும் இல்லை, "எவ்வளவு முடியுமோ அவ்வளவு" என்பதும் இல்லை.

ஒரு கிராம் புரதம் என்ன விலை?

– மீல் மேக்கர் என்னும் சோயா உருண்டை: 100 கிராமில் 52 கிராம் புரதம். கிலோ 150 ரூபாய் என்றால், ஒரு கிராம் புரதம் 29 பைசா.
– பொட்டுக்கடலை: 22 கிராம். கிலோ 120 ரூபாய். ஒரு கிராம் 55 பைசா.
– பாசிப்பயறு: 22.5 கிராம். கிலோ 130 ரூபாய். ஒரு கிராம் 58 பைசா.
– நிலக்கடலை: 24 கிராம். கிலோ 150 ரூபாய். ஒரு கிராம் 63 பைசா.
– துவரம்பருப்பு: 22 கிராம். கிலோ 150 ரூபாய். ஒரு கிராம் 68 பைசா.
– முட்டை: ஒன்றில் 6 கிராம். ஒன்று 7 ரூபாய். ஒரு கிராம் 1.17 ரூபாய்.
– ஆவின் நீலப் பாக்கெட் பால்: அரை லிட்டரில் 15 கிராம். 20 ரூபாய். ஒரு கிராம் 1.33 ரூபாய்.
– மத்தி மீன்: கழிவு போக 100 கிராமில் 20 கிராம். கிலோ 200 ரூபாய்க்கு வாங்கி, 40 சதவீதம் கழிவு போனால், ஒரு கிராம் 1.67 ரூபாய்.
– எலும்போடு கோழிக்கறி: கிலோ 240 ரூபாய். எலும்பு போக ஒரு கிராம் சுமார் 1.75 ரூபாய்.
– பன்னீர்: 100 கிராமில் 18 கிராம். கிலோ 450 ரூபாய். ஒரு கிராம் 2.50 ரூபாய்.
– வே புரோட்டீன் என்னும் பால் புரதப் பவுடர்: கிலோ டப்பா 2,500 ரூபாய். 30 ஸ்கூப், ஸ்கூப்புக்கு 24 கிராம், மொத்தம் 720 கிராம். ஒரு கிராம் 3.47 ரூபாய்.

பட்டியலின் அடியில் நிற்பது டப்பாதான். முட்டையைப் போல மூன்று மடங்கு, நிலக்கடலையைப் போல ஐந்தரை மடங்கு விலை.

தானிய, பருப்புப் புரதம் பால், முட்டை அளவுக்கு முழுதாகச் செரிப்பதில்லை. தசை வளர்ச்சியைத் தூண்டும் லியூசின் என்னும் அமினோ அமிலமும் அவற்றில் குறைவு. எனவே பருப்பின் கிராமை முட்டையின் கிராமுக்கு அப்படியே சமமாக வைக்கக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டே கணக்குப் போடுங்கள்: நிலக்கடலை 63 பைசாவிலிருந்து 79 பைசாவுக்கு ஏறும். வே புரோட்டீன் அப்போதும் அதைப் போல நான்கு மடங்குக்கு மேல். அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு. சோறும் சாம்பாரும் ஒரே தட்டில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. இட்லி மாவில் அரிசியோடு உளுந்து சேர்வதிலும் அதே பலன் உண்டு.

ஒரு நாள் தட்டு

96 கிராமை வீட்டுச் சாப்பாட்டில் எட்ட முடியுமா என்று பார்ப்போம்.

– அரிசி 300 கிராம் (சோறு, இட்லி, தோசை எல்லாம் சேர்த்து): 24 கிராம்
– துவரம்பருப்பும் உளுந்தும் 60 கிராம்: 13 கிராம்

இது பெரும்பாலும் எல்லா வீட்டிலும் ஏற்கெனவே இருக்கும் சாப்பாடு. 37 கிராம் வந்துவிட்டது. மீதி 59.

– பால் அரை லிட்டர்: 15 கிராம், 20 ரூபாய்
– முட்டை 3: 18 கிராம், 21 ரூபாய்
– நிலக்கடலை 40 கிராம்: 9.5 கிராம், 6 ரூபாய்
– மத்தி, கழிவு போக 100 கிராம்: 20 கிராம், 33 ரூபாய்

கூடுதலாகக் கிடைத்தது 62.5 கிராம். கூடுதல் செலவு 80 ரூபாய். நாள் முழுவதற்குமான மொத்தம் 99.5 கிராம், இலக்கைத் தாண்டிவிட்டது. மாதத்துக்கு 2,400 ரூபாய்.

மீன், முட்டை சாப்பிடாதவர்கள் அவை தரும் 38 கிராமுக்குப் பதிலாக மீல் மேக்கர் 50 கிராம் (26 கிராம் புரதம், 7.50 ரூபாய்), பாசிப்பயறு 50 கிராமை முளைகட்டி (11 கிராம், 6.50 ரூபாய்) சேர்க்கலாம். 37 கிராம் வந்துவிடும். அவர்களுடைய கூடுதல் செலவு நாளுக்கு 40 ரூபாய், மாதத்துக்கு 1,200.

அதே 59 கிராம் பற்றாக்குறையை வே புரோட்டீனால் நிரப்பினால் நாளுக்கு 205 ரூபாய், மாதத்துக்கு 6,000 ரூபாய்க்கு மேல். பால், முட்டை, மீனோடு சேர்ந்து வரும் சுண்ணாம்புச் சத்து, பி12, நல்ல கொழுப்பு இவற்றுக்கு அந்த டப்பாவில் ஈடு இல்லை.

பவுடர் உண்மையில் சேர்ப்பது எவ்வளவு?

மேலே சொன்ன 49 ஆய்வுத் தொகுப்பில் இன்னொரு எண் உண்டு. சராசரியாக 13 வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களில், புரதம் கூடுதலாக எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிடக் கொழுப்பில்லாத உடல் எடை கூடியது 0.3 கிலோ. ஒரே தடவையில் தூக்கும் அதிகபட்ச எடை கூடியது சுமார் 2.5 கிலோ. பெரும் பகுதி முன்னேற்றத்தைத் தந்தது பயிற்சி. கூடுதல் புரதம் அதன் மேல் சிறிது சேர்த்தது.

பணமாக மாற்றினால்: 13 வாரம் என்பது 91 நாள். நாளுக்கு ஒரு ஸ்கூப் என்றால் மூன்று டப்பா, 7,500 ரூபாய். கிடைப்பது 300 கிராம் கொழுப்பில்லாத உடல் எடை. அதே கூடுதல் புரதம், அதாவது நாளுக்கு 24 கிராம், 4 முட்டையில் வரும்; 91 நாளுக்கு 2,548 ரூபாய்.

அதற்காகப் பவுடர் பயனற்றது என்று சொல்லவில்லை. விடியற்காலை 5 மணிப் பயிற்சி முடிந்து ரயிலைப் பிடிக்க ஓடுபவருக்கும், வெளியூர்ப் போட்டியில் நம்பிச் சாப்பிட ஓட்டல் கிடைக்காதவருக்கும், கடும் பயிற்சியில் பசியே எடுக்காதவருக்கும் அது வசதி. அந்த வசதிக்கு மூன்று மடங்கு விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் தவறில்லை. வீட்டில் முட்டை வாங்கப் பணமில்லாமல் டப்பா வாங்குவதுதான் தவறு.

சான்று உள்ளவை ஐந்து

கடைகளில் இருக்கும் டப்பாக்கள் ஆயிரக்கணக்கில். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2018-இல் வெளியிட்ட நிபுணர் அறிக்கை, செயல்திறனை நேரடியாகக் கூட்டுவதற்குப் போதிய சான்று உள்ளவை என்று ஏற்றுக்கொண்டது ஐந்தைத்தான்: கஃபீன், கிரியேட்டின், நைட்ரேட், பீட்டா-அலனின், சோடியம் பைகார்பனேட். 60 கிலோ எடைக்கு அவற்றின் கணக்கு இது.

கிரியேட்டின். தசை வேகமாக எரிக்கும் எரிபொருளைத் திரும்ப நிரப்பும் பொருள். 70 கிலோ உடலில் இயல்பாகவே சுமார் 120 கிராம் உண்டு. நாளுக்கு 3 முதல் 5 கிராம் போதும். முதல் வாரம் கிலோவுக்கு 0.3 கிராம், அதாவது நாளுக்கு 18 கிராம், "லோடிங்" செய்யச் சொல்வார்கள்; 5 முதல் 7 நாளில் 90 முதல் 126 கிராம் காலி, 250 கிராம் டப்பாவில் பாதி வரை. லோடிங் இல்லாமல் நாளுக்கு 3 கிராம் எடுத்தாலும் 28 நாளில் தசை அதே அளவுக்கு நிரம்பிவிடும். செலவு 84 கிராம் மட்டுமே. 250 கிராம் 800 ரூபாய் என்றால், 3 கிராம் 9.60 ரூபாய், மாதம் 288. இறைச்சி, மீனிலிருந்து 3 கிராம் பெற ஏறத்தாழ முக்கால் கிலோ சாப்பிட வேண்டும் என்பதால், இந்த ஒன்றில் மட்டும் டப்பா மலிவு. சைவ உணவுக்காரர்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரியும். ஆனால் தசைக்குள் நீர் சேர்ந்து உடல் எடை 1 கிலோவோ அதற்கு மேலோ ஏறும். குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்கல் போல எடைப் பிரிவு உள்ள ஆட்டங்களில் அந்த ஒரு கிலோவும் கணக்கில் சேரும்.

கஃபீன். கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம், போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு. 60 கிலோவுக்கு 180 முதல் 360 மில்லிகிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலின்படி 150 மில்லி காய்ச்சி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் உண்டு. நாளொன்றுக்கு 300-ஐத் தாண்டக் கூடாது. ஆக, இரண்டு நல்ல பில்டர் காபி. கடையில் குடித்தாலும் 40 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலிருந்து கஃபீன் 2004-இல் நீக்கப்பட்டுவிட்டது. பயிற்சிக்கு முன் குடிக்கும் "ப்ரீ-ஒர்க்அவுட்" டப்பாவில் ஸ்கூப்புக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும். இரண்டு ஸ்கூப் போட்டால் நாள் வரம்பைத் தாண்டிவிடும். மாலைப் பயிற்சிக்குக் குடித்தால் இரவுத் தூக்கம் கெடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

நைட்ரேட். 310 முதல் 560 மில்லிகிராம், 2 முதல் 3 மணி நேரம் முன்பு. பீட்ரூட்டில் 100 கிராமுக்குச் சுமார் 250 மில்லிகிராம். மண்ணையும் ரகத்தையும் பொறுத்துப் பெரிதும் மாறும். தோராயமாக 200 கிராம் பீட்ரூட் சாறு. கிலோ 50 ரூபாய் என்றால் 10 ரூபாய். போட்டி நேரத்தில் கிடைக்கும் முன்னேற்றம் 1 முதல் 3 சதவீதம். உச்ச நிலை வீரர்களுக்கு இன்னும் குறைவு. வாயிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள்தான் இதை மாற்றித் தருகின்றன; கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டுக் கொப்பளித்தால் 10 ரூபாயும் வீண்.

பீட்டா-அலனின். கிலோவுக்கு 65 மில்லிகிராம், நாளுக்கு 3.9 கிராம், பிரித்துப் பிரித்து, 10 முதல் 12 வாரம். மொத்தம் 273 முதல் 328 கிராம். பலன் 0.2 முதல் 3 சதவீதம். தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு வரும்.

சோடியம் பைகார்பனேட். நம் சமையல் சோடாதான். கிலோவுக்கு 0.2 முதல் 0.4 கிராம், நடு அளவில் 18 கிராம். 4 ரூபாய்கூட ஆகாது. ஒரு நிமிடம் போல நீளும் உச்ச வேகப் போட்டிகளில் சுமார் 2 சதவீதம் முன்னேற்றம். ஆனால் அந்த 18 கிராமில் ஏறத்தாழ 5 கிராம் சோடியம். உலகச் சுகாதார நிறுவனத்தின் நாள் வரம்பான 2 கிராமைப் போல இரண்டரை மடங்கு. வாந்தி, வயிற்றுப்போக்கு சகஜம். மருத்துவர் துணையின்றி யாரும் இதை முயலக் கூடாது.

ஐந்தையும் பார்த்தால் ஒன்று விளங்கும். பலன் 1, 2, 3 சதவீத அளவிலானது. உஷாவைப் போல உச்சத்தில் நிற்பவருக்கு அது பெரிது. மாவட்டப் போட்டியில் ஓடும் 17 வயதுப் பிள்ளைக்கு ஒழுங்கான பயிற்சி, 8 மணி நேரத் தூக்கம், மூன்று வேளைச் சாப்பாடு ஆகியவை தரும் முன்னேற்றம் இதைவிட எவ்வளவோ பெரிது.

வீணாகும் ரூபாய்

பிசிஏஏ: மூன்று அமினோ அமிலங்களின் கலவை. 250 கிராம் 1,000 ரூபாய் என்று வைப்போம். முட்டைப் புரதத்திலும் பால் புரதத்திலும் இந்த மூன்றும் சேர்ந்து 20 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே உண்டு. புரதம் போதிய அளவு சாப்பிடுகிறவருக்கு இது தனியாகப் பலன் தருவதில்லை. ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் துணை உணவுகளைத் தரம் பிரித்துள்ளது. பிசிஏஏ, சான்று போதாதவை அடங்கிய மூன்றாம் பிரிவில் இருக்கிறது.

மாஸ் கெய்னர் என்னும் எடை கூட்டும் பவுடர்: 100 கிராமில் பெரும்பாலும் 15 முதல் 20 கிராம் புரதம், 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. 3 கிலோ 2,400 ரூபாய் என்றால், அதில் 2 கிலோவுக்கு மேல் மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற மாவுச்சத்து. அதே மாவுச்சத்து 2.7 கிலோ அரிசியில் கிடைக்கும். கிலோ 60 ரூபாய்க்கு வாங்கினால் 162 ரூபாய்.

விளையாட்டு பானம்: ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்குத் தண்ணீர் போதும். அதைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. இரண்டு நடுத்தர வாழைப்பழத்தில் 50 கிராம் வந்துவிடும்.

மாதக் கூட்டல்: வே 2,500, பிசிஏஏ 1,000, ப்ரீ-ஒர்க்அவுட் 1,500, மாஸ் கெய்னர் 2,400, கிரியேட்டின் 288. மொத்தம் 7,688 ரூபாய். நாம் போட்ட உணவுச் செலவான 2,400-ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல். இதில் உணவால் ஈடுசெய்ய முடியாதது 288 ரூபாய்ப் பொருள் மட்டுமே.

லேபிளில் எழுதாத கிராம்

இதுவரை பார்த்தது லேபிளை நம்பிப் போட்ட கணக்கு. லேபிளே பொய்யானால்?

2024-இல் கேரளத்தைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸும் அவர் குழுவினரும் இந்தியச் சந்தையிலிருந்து 36 புரோட்டீன் தயாரிப்புகளை ஆய்வகத்தில் சோதித்து வெளியிட்டார்கள். ஏறத்தாழ 70 சதவீதத்தில் புரத அளவு லேபிளோடு ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் பூஞ்சை நஞ்சான அஃப்லாடாக்ஸின். 8 சதவீதத்தில் பூச்சிமருந்தின் எச்சம். பாதிப் புரதம் உள்ள டப்பாவின் உண்மை விலை கிராமுக்கு 3.47 ரூபாய் இல்லை, 6.94 ரூபாய்.

புரதத்தைச் சோதிக்கும் வழக்கமான முறை நைட்ரஜனை அளப்பது. கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்தாலும் நைட்ரஜன் எண் ஏறும். தசைக்கு வேண்டிய புரதம் ஏறாது. லேபிளில் இவை தனியே சேர்க்கப்பட்டிருந்தால் அந்த டப்பாவை எடுக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. ஜெர்மனியின் கொலோன் நகர ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகம் 2000–2001-இல் 13 நாடுகளில் வாங்கிய 634 துணை உணவுகளைச் சோதித்தது. எதிலும் ஹார்மோன் இருப்பதாக லேபிளில் இல்லை. ஆனால் 94-இல், அதாவது 14.8 சதவீதத்தில், தடைசெய்யப்பட்ட ஹார்மோன் சார்ந்த பொருள்கள் இருந்தன. ஏறத்தாழ ஏழு டப்பாவில் ஒன்று. ஸ்டீராய்டு வகைப் பொருள்களையும் சாதாரணப் பவுடரையும் ஒரே இயந்திரத்தில் தயாரிக்கும் ஆலைகளில் தூசியாகவே அது கலந்துவிடும். சில ஆலைகள், "சாப்பிட்டதும் தெரிகிறது" என்ற பெயர் வாங்க வேண்டுமென்றே கலக்கும்.

கலக்கும் அளவு எவ்வளவு இருந்தால் மாட்டிக்கொள்வோம்? 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், 10 கிராம் கிரியேட்டினில் நாண்ட்ரோலோன் என்னும் ஸ்டீராய்டின் முன்னோடிப் பொருள் ஒன்றை 5 மைக்ரோகிராம் மட்டும் கலந்து 20 தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். 15 பேரின் சிறுநீர் ஊக்கமருந்து வரம்பைத் தாண்டியது. 10 கிராமில் 5 மைக்ரோகிராம் என்றால் 20 லட்சத்தில் ஒரு பங்கு. நாக்குக்கும் கண்ணுக்கும் அது தெரியாது.

பிடிபட்டால்

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா வெளியிட்ட ஆண்டுக் கணக்குகளில் இந்தியாவின் வரிசை இது:

– 2022: 3,865 மாதிரிகள், தடைப்பொருள் கண்டறியப்பட்டவை 125. 3.2 சதவீதம்.
– 2023: 5,606 மாதிரிகள், 213. 3.8 சதவீதம்.
– 2024: 7,113 மாதிரிகள், 260. 3.6 சதவீதத்துக்கு மேல்.

2024-இல் சீனா சோதித்த மாதிரிகள் 24,214, கண்டறியப்பட்டவை 43. சதவீதம் 0.2-க்கும் கீழே. மருத்துவ அனுமதியோடு எடுத்தவர்களும் இந்த எண்களில் சேர்வதால் ஒவ்வொன்றும் தண்டனையில் முடியாது. ஆனாலும் பெருமளவில் சோதனை நடத்தும் நாடுகளில் மிக மோசமான விகிதம் நம்முடையது. இதில் தெரிந்தே ஊசி போட்டவர்களும் உண்டு. ரத்த அழுத்தத்தைக் கூட்ட அறுவை அரங்கில் பயன்படும் மெஃபென்டெர்மின் ஊசியை ஜிம்களில் கள்ளத்தனமாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்கள் வரை வந்திருக்கிறது. அது வாடாவின் தடைப் பட்டியலில் உள்ள பொருள், இதயத்தைக் கெடுக்கும் பொருள். அதைத் தொடாதீர்கள் என்பதைத் தவிர அங்கே வேறு கணக்கில்லை.

தெரியாமல் சாப்பிட்டவர்களின் கணக்குத்தான் நெஞ்சை அறுப்பது. 2011-இல் இந்தியாவின் 4×400 மீட்டர் ஓட்டக் குழாமைச் சேர்ந்த ஆறு வீராங்கனைகள் அனபாலிக் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். அவர்களில் மூவர், 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஓடியவர்கள். பயிற்சியாளர் சீனாவிலிருந்து வாங்கி வந்த ஜின்செங்கை நம்பிச் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். இந்திய விசாரணைக் குழு ஓராண்டுத் தடை விதித்தது. சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2012-இல் அதை இரண்டாண்டாக உயர்த்தியது. லண்டன் ஒலிம்பிக் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

ஜமைக்காவின் அசாஃபா பவல், 100 மீட்டரில் ஒரு காலத்தில் உலகச் சாதனை வைத்திருந்தவர், 2013-இல் ஒரு துணை உணவில் இருந்த ஆக்ஸிலோஃப்ரின் என்னும் தடைப்பொருளால் சிக்கினார். 18 மாதத் தடை, மேல்முறையீட்டில் 6 மாதமாகக் குறைந்தது. 2019-இல் கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவுக்கு 8 மாதத் தடை. காரணம் இருமல் மருந்தில் இருந்த டெர்புடலின்.

இவர்கள் எல்லோருக்கும் பொது விதி ஒன்றுதான்: உடலில் எது இருந்தாலும் பொறுப்பு விளையாட்டு வீரருடையது. "கோச் கொடுத்தார்", "லேபிளில் இல்லை" என்பவை தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்காது. ஸ்டீராய்டு வகைக்கு முதல் முறையே 4 ஆண்டு வரை தடை. கலப்படம் என்று நிரூபிக்கும் சுமையும் வீரருடையதே. 19 வயதில் சிக்கியவர் திரும்பும்போது வயது 23. அதற்குள் பதக்கம், பரிசுத்தொகை, விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கவிருந்த அரசு வேலை எல்லாம் கைவிட்டுப் போயிருக்கும். 2,500 ரூபாய் டப்பாவுக்கு எதிரே எழுத வேண்டிய தொகை இதுவே.

முதலில் செலவழிக்க வேண்டிய இடம்

நம் பெண் பிள்ளைகளுக்குப் புரோட்டீன் டப்பாவுக்கு முன்னால் பார்க்க வேண்டியது ரத்தம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 5-இன்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கும் பெண்ணின் தசைக்குப் போதிய ஆக்சிஜன் போகாது. எந்த டப்பாவும் அதை மாற்றாது. பெண்ணுக்கு நாளொன்றுக்கு வேண்டிய இரும்பு 29 மில்லிகிராம். பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரப்படும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. விலை 0 ரூபாய். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனையும் இலவசம். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரையை அள்ளி விழுங்கவும் கூடாது. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டு, தட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் உள்ள இரும்பு நன்றாக உடலில் சேரும்.

டப்பா வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், செய்ய வேண்டியவை இவை. ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் தடைப்பொருள்களுக்காகச் சோதிக்கும் இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற சான்று உள்ளதை வாங்குங்கள். சான்று ஆபத்தைக் குறைக்கும், முழுதாக நீக்காது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணைப் பாருங்கள். ரசீதையும் தொகுதி எண்ணின் படத்தையும் வைத்திருங்கள். டப்பாவின் கடைசிக் கொஞ்சத்தைக் கொட்டாமல் எடுத்து வையுங்கள். ஒரு நாள் அதுவே உங்கள் ஒரே சாட்சியாகலாம். மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கினாலும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் செயலியில் பெயரைத் தட்டிப் பாருங்கள். சோதனைப் படிவத்தில் கடைசி 7 நாளில் எடுத்த எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் பள்ளி, கல்லூரி விளையாட்டுத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கையில் டப்பாவைக் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ரத்தம் பரிசோதித்தாயிற்றா? நாளுக்கு மூன்று முட்டையும் அரை லிட்டர் பாலும் கிடைக்கிறதா? இந்த டப்பா சோதிக்கப்பட்டது என்பதற்குச் சான்று உண்டா? மூன்றில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் அந்தப் பணத்தை உணவுக்கும் பரிசோதனைக்கும் திருப்புங்கள். 20 பேர் உள்ள ஒரு பள்ளிக் கபடிக் குழுவுக்கு நாளுக்கு ஆளுக்கு மூன்று முட்டை என்றால் மாதம் 12,600 ரூபாய். ஓர் ஊரின் நன்கொடையாளர்கள் சிலர் சேர்ந்தால் திரட்டக்கூடிய தொகை அது. கோப்பைக்கும் சால்வைக்கும் தரும் நன்கொடையை இனி முட்டைக்குத் தாருங்கள்.